வடசென்னையில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு என்னென்ன உதவி, எந்த வரிசையில் கேட்பது: பெற்றோருக்கும் ஆயா, தாத்தாவுக்கும் முழு வழிகாட்டி

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில், ஆறு வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆட்கள் மாட்டிக்கொள்வது வரிசையில்தான். ஆதார் எடுக்கப் போனவர் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறார். பிறப்புச் சான்றிதழுக்குப் போனவர், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் திரும்புகிறார். இன்னொரு பக்கம், எந்தக் காகிதத்துக்கும் காத்திராமல் கிடைக்கும் சத்துமாவையும் தடுப்பூசியையும் "ஆதார் வரட்டும், பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா துறைமுகத்திலோ மணலி கம்பெனியிலோ ஷிஃப்டில் இருப்பார். அம்மாவும் வேலைக்குப் போயிருப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கவுண்டரில் நிற்பது ஆயா, அதாவது பாட்டி. ஆனால் எந்தப் படிவத்திலும் ஆயாவின் பெயர் இருக்காது, ஓடிபியும் அவர் ஃபோனுக்கு வராது. அதனால் எந்த வேலைக்கு ஆயா மட்டும் போனால் போதும், எதற்கு அம்மாவே வரவேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்கிறேன்.

1. வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அப்பா, அம்மா, குழந்தை மூவரின் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பெற்றோர் பெயரை அவரவர் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால் எழுத வேண்டும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதலாம். ஆஸ்பத்திரியில் ஒரு விதம், பேங்கில் ஒரு விதம் என்று போனால் பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் அதற்காகத் திருப்பி அனுப்புவார்கள். இனி எங்கே போனாலும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் படிவம் நிரப்ப வேண்டும். வாயால் சொல்லி எழுதவைக்காதீர்கள்.

அடுத்தது ஃபோன் நம்பர். வழக்கமாக அப்பாவின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். காசிமேட்டில் தங்கு கடலுக்குப் போகும் போட்டில் வேலை என்றால் அவர் கரைக்கு வர நாளாகும். அதுவரை ஓடிபி யாருக்கும் வராது. பகல் நேரத்தில் வீட்டிலேயே இருக்கும் ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் ஆதாரோடு அதை இணைத்துவிடுங்கள். ரீசார்ஜ் முடிந்து செத்துப்போன சிம்மாக இருக்கக்கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: அம்மா, அப்பா ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, அம்மாவின் பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், தாய் சேய் நல அட்டை. ஒவ்வொன்றிலும் நாலைந்து ஜெராக்ஸ். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண் மேல் வையுங்கள். 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தபோது கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிகள் என்ன கதி ஆயின என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீடு எந்த மாவட்டம் என்பதையும் சரிபாருங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் முன்பு திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. மீஞ்சூர், அத்திப்பட்டு இன்றும் திருவள்ளூர்தான். பழைய சான்றிதழில் திருவள்ளூர் என்று இருப்பதால் தவறில்லை. ஆனால் புதிய மனுவைத் தவறான மாவட்டத்தில் கொடுத்தால் திரும்பி வரும்.

2. கர்ப்பம் தெரிந்ததும் பிக்மி எண்

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி இதுதான். 12 வாரத்துக்குள் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸம்மாவிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்யுங்கள். பிக்மி இணையதளத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம், 102-க்கு ஃபோன் செய்தும் செய்யலாம். ஆனால் நர்ஸ் சரிபார்த்துத் தரும் 12 இலக்க எண்தான் கணக்கு. முன்பதிவு எண்ணையே பிக்மி எண் என்று நினைத்துக்கொண்டு பிரசவம் வரை இருந்துவிடுபவர்கள் நிறைய.

தனியார் ஆஸ்பத்திரியில்தான் பார்க்கப்போகிறோம் என்றாலும் இந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவில் அதைக் கேட்பார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் இந்த எண்ணில்தான் ஓடுகிறது. மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், 4,000 மதிப்புக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்ணாக, 19 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்குத்தான்.

பணம் வராமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். கணவரோடு சேர்ந்த கணக்கு, கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலில் இருக்கும் கணக்கு, ஆதாரோடு இணைக்காத கணக்கு, மாமியார் பெயரில் உள்ள கணக்கு இவையெல்லாம் தடுக்கும். சந்தேகம் இருந்தால் பக்கத்துத் தபால் நிலையத்தில் அம்மாவின் பெயரில் புதுக் கணக்கு திறந்து ஆதாரை இணைத்துவிடுங்கள். பழைய கணக்கோடு மல்லுக்கட்டுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். ஏழாம் மாதம் கிளம்பும்போது இங்கே உள்ள நர்ஸிடம் சொல்லிவிட்டு, போன இடத்தில் உள்ள நர்ஸிடம் அதே எண்ணைக் காட்டுங்கள். அங்கே புதிதாக இன்னொரு பதிவு போடவிடாதீர்கள். இரண்டு எண் ஆனால் தவணை, தடுப்பூசிக் கணக்கு எல்லாம் இரண்டாகப் பிரிந்துபோகும்.

3. பிறந்த 21 நாளுக்குள் பிறப்புப் பதிவு

குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பிறப்புப் பதிவு. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இங்கே செல்லாது. இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தால் சென்னை மாநகராட்சி. பொன்னேரியில் பிறந்தால் பொன்னேரி நகராட்சி. வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது என்று இங்குள்ள மண்டல அலுவலகத்தில் எவ்வளவு கேட்டாலும் கிடைக்காது.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே விவரத்தை அனுப்புவார்கள். உங்கள் வேலை, டிஸ்சார்ஜுக்கு முன்பு அவர்கள் நிரப்பும் படிவத்தைக் கேட்டு வாங்கி, அந்த வெள்ளைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்த நேரத்தில் அம்மா வலியில் இருப்பார். அப்பா பில் கட்டப் போயிருப்பார். பெயர் சொல்வது பெரும்பாலும் ஆயாதான். மருமகனை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, அதுவே பதிவாகிப்போன கதைகள் எத்தனையோ. தாளை ஆயாவின் கையில் கொடுத்துவையுங்கள்.

21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை போக வேண்டிவரும். சென்னையில் பதிவானால் மாநகராட்சி இணையதளத்திலேயே சான்றிதழை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெயர் வைக்காமலே பிறப்பைப் பதியலாம். பெயரைப் பிறகு சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் இல்லை, 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் பெயர் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு அடுத்த படிகளுக்குப் போகாதீர்கள். ஜோசியர் எழுத்து சொல்லும் வரை காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். முடிவானதும் முதல் வேலையாகப் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு இந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம்.

4. பால்வாடி: காத்திருக்கவே கூடாத படி

பலரும் பால்வாடி என்றால் மூன்று வயதுக் குழந்தையை மதியம் வரை உட்காரவைக்கும் இடம் என்று நினைக்கிறார்கள். அங்கன்வாடியின் கணக்கு கர்ப்பிணியிலிருந்தே தொடங்குகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு, ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குச் சத்துமாவு, 2 வயதிலிருந்து மதிய உணவும் வாரம் மூன்று முட்டையும், பிறகு ஆட்டம் பாட்டத்தோடு முன்பருவக் கல்வி. குழந்தையின் ஆதார் இல்லாமலே சேர்க்கலாம். அம்மாவின் ஆதார் போதும்.

உங்கள் தெரு எந்த மையத்துக்கு வருகிறது என்று சுகாதார நிலைய நர்ஸைக் கேட்டால் சொல்வார். வாடகை வீடு, முகவரி ஆதாரில் மாறவில்லை என்பதால் தயங்காதீர்கள். இப்போது குடியிருக்கும் இடம்தான் கணக்கு. ஹவுசிங் போர்டு மாறிப்போனவர்கள் பழைய மையத்தில் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டுப் புதிய மையத்துக்குப் போங்கள். இரண்டு இடத்தில் பெயர் இருந்தால், பால்வாடியில் பதிவு போடும் ஃபோன் செயலி ஏற்காது.

பதிவு செய்யும் நாளில் அம்மா கட்டாயம் வர வேண்டும். போஷன் டிராக்கர் செயலியில் ஃபோனுக்கு ஓடிபி வரும், முகத்தையும் படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள். அம்மா வேலைக்குப் போவதால் மாதாமாதம் சத்துமாவு வாங்க ஆயாதான் வருவார் என்றால், முதல் நாளே டீச்சரிடம் அதைச் சொல்லி, எப்படிப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் ஆயா போய் நின்று வெறுங்கையோடு திரும்பிய பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. டீச்சருக்குச் செயலி விடவில்லை என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எடை போடும் நாளைத் தவறவிடாதீர்கள். பால்வாடியில் சத்துமாவைவிட மதிப்பான விஷயம் எனக்கு அந்த எடைதான். மாதம் ஒரு முறை எடையும் உயரமும் எடுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இருக்கு" என்றுதான் பதில் வரும். அட்டையை வாங்கிப் பாருங்கள். போன மாதப் புள்ளிக்கு இந்த மாதப் புள்ளி மேலே ஏறியிருக்க வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்துக்கொண்டால், குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பச்சைப் பட்டைக்குக் கீழே போனால், 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எடை குறைந்த குழந்தைகளை மருத்துவரிடம் காட்டி, தனி ஊட்ட உணவும் தருகிறார்கள்.

அந்தத் தனி உணவோ சத்துமாவோ, வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் பங்காகிவிடுகிறது. மாவை உருண்டை பிடித்துப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சின்னதுக்குத் தண்ணீராகக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றுவார்கள். சாய்த்தால் கரண்டியிலிருந்து வழிந்து ஓடாத பதத்தில் கிண்டி, கிண்ணத்தில் ஊட்டுங்கள். வெல்லம் ஏற்கெனவே கலந்திருக்கும், சர்க்கரை சேர்க்க வேண்டாம். ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.

5. தடுப்பூசி

சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் புதன்கிழமை. பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்க்கான பெண்டாவேலன்ட், போலியோ, ரோட்டா சொட்டு, நிமோனியா ஊசி (இது எல்லாத் தவணையிலும் இல்லை). 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா, அதோடு வைட்டமின் ஏ. 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தட்டம்மை–ரூபெல்லாவும் பூஸ்டரும். 5 வயதில் இன்னொரு பூஸ்டர். எல்லாம் இலவசம்.

இதற்கு ஆயா மட்டும் போனால் போதும். ஆனால் தாய் சேய் நல அட்டை கட்டாயம். அட்டை இல்லாமல் போனால் போட்ட ஊசியையே மறுபடி போடும் நிலை வரும், அல்லது போடாமல் அனுப்பிவிடுவார்கள். நடுவில் தனியார் டாக்டரிடம் போட்டிருந்தாலும் அதே அட்டையில் எழுதி வாங்குங்கள்.

ஊசி போட்ட இரவு காய்ச்சல் வரும், தொடை வீங்கும். இதைப் பார்த்துவிட்டு "அடுத்த ஊசி வேண்டாம், பிள்ளை துவண்டுபோறான்" என்று ஆயா தடுப்பார். காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு என்று ஊசி போடும் இடத்திலேயே, ஆயாவை வைத்துக்கொண்டே கேளுங்கள். நர்ஸ் வாயால் கேட்டால் நம்புவார், நம் வாயால் கேட்டால் நம்பமாட்டார். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாள் தவறிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். திட்டுவார்கள் என்று பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடுவதுதான் பெரிய தப்பு.

6. வீட்டுக்குள் ஓர் உடன்பாடு

எந்த அலுவலகத்துக்கும் போகாத படி இது. ஆனால் மேலே சொன்ன எல்லாமும் இங்கேதான் உடைகிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லி அனுப்புவார். வீட்டில் ஆயா சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பார். தெருவில் கழுதைப்பால் வந்தால் ஒரு சங்கு வாங்கி ஊற்றுவார். உரை மருந்து, காதில் மூக்கில் எண்ணெய், வசம்பு எல்லாம் வரிசையாக வரும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக எதிர்த்தால் வீடு இரண்டாகும். என் கணக்கில் இரண்டு வகை. உடம்புக்கு மேலே செய்வது: கையில் வசம்பு வளையல், திருஷ்டிப் பொட்டு, மிதமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது. இதில் விட்டுக்கொடுக்கலாம். வளையல் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உடம்புக்குள்ளே போவது: சங்கில் ஊற்றுவது, மூக்கில் விடுவது, சாம்பிராணிப் புகையை முகத்தருகே காட்டுவது. இதில் விடக்கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரை கொண்டுவிடும்.

ஆயாவைப் பால்வாடிக்கும் சுகாதார நிலையத்துக்கும் கூட்டிக்கொண்டு போவதுதான் நான் பார்த்தவரை பலித்த வழி. பால்வாடியில் எடை போடும் நாளில் நான்கு ஆயாக்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சே மாறிவிடுகிறது. எதிர்வீட்டு ஆயா "நாங்க எதுவும் ஊத்தறதில்லைம்மா" என்று ஒரு முறை சொன்னால் போதும்.

பிரசவமான பிறகு அம்மா காரணமில்லாமல் அழுவதும், தூங்காமல் கிடப்பதும், குழந்தையைத் தூக்க மனசில்லாமல் இருப்பதும் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், அது திமிரும் இல்லை, காத்துகருப்பும் இல்லை. 14416-க்கு ஃபோன் செய்தால் மனநல ஆலோசகர் தமிழில் பேசுவார், கட்டணம் இல்லை. குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ, தான் இருக்க வேண்டாம் என்றோ அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

7. ஆதார், ரேஷன் கார்டு, பெண் குழந்தைத் திட்டம்

பெயரோடு பிறப்புச் சான்றிதழ் வந்ததும் குழந்தைக்கு ஆதார். ஐந்து வயது வரை கைரேகை எடுக்க மாட்டார்கள், அப்பா அல்லது அம்மாவின் ஆதாரோடு இணைப்பார்கள். அதனால் அவர்களில் ஒருவர் நேரில் வர வேண்டும். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 5-இல் விட்டுவிட்டால் பள்ளியில் உதவித்தொகைக்குக் கேட்கும்போது ஓட வேண்டிவரும்.

ஆதாருக்கு அடுத்து ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தல். இ-சேவை மையத்தில் செய்யலாம். பல விண்ணப்பங்களில் குடும்ப ஆதாரமாக ஸ்மார்ட் கார்டைத்தான் கேட்பார்கள். பிள்ளையின் பெயர் அதில் இல்லை என்றால் அங்கேயே நிற்கும்.

ஆண் வாரிசு இல்லாமல், பெண் குழந்தையோடு நிறுத்திக்கொண்டு பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவைசிகிச்சை செய்திருந்தால், முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்துக்கு மனு போடலாம். ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண் என்றால் தலைக்கு 25,000 வைப்புத்தொகை. இரண்டாவது குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கெடு தெரியாமல் பள்ளியில் சேர்க்கும்போது கேட்டு வருபவர்கள்தான் அதிகம். இதற்குக் கேட்கும் வருமானச் சான்றிதழ் இ-சேவையில் 60 ரூபாய். வர நாளாகலாம், அதனால் முதலில் அதைப் போட்டுவையுங்கள்.

8. வளர்ச்சியில் சந்தேகம் வந்தால்

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் பிடிக்காமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒன்றரை வயதில் ஒரு சில சொற்களும், இரண்டு வயதில் "தண்ணி குடு" என்று இரண்டு சொல் சேர்த்தும் வர வேண்டும். முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றால் அது எந்த வயதிலும் அவசரம்.

"இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்லாத வீடே இல்லை. அப்படியே இருக்கட்டும், காட்டிவிட்டுக் காத்திருங்கள். மூளை வேகமாக வளரும் முதல் மூன்று வருடத்தில் கொடுக்கும் பயிற்சிக்குப் பிறகு கொடுப்பது ஈடாகாது. காது கேட்கவில்லை என்பதுதான் பேச்சு வராததற்குக் காரணமாகவும் இருக்கலாம், அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வழி இது: அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளிச் சிறார் நல மருத்துவக் குழு வண்டியில் வரும். அந்தத் தேதியை டீச்சரிடம் கேட்டு அன்று கட்டாயம் அழைத்துப் போங்கள். அவசரம் என்றால் அதற்குக் காத்திராமல் சுகாதார நிலைய டாக்டரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கி ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ போகலாம். அங்கே தொடக்கநிலை இடையீட்டுச் சேவை, அதாவது வளர்ச்சி பின்தங்கும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி தரும் பிரிவு எங்கே என்று கேளுங்கள். சீட்டில்லாமல் நேராகப் போனாலும் பார்ப்பார்கள், ஆனால் எந்தப் பிரிவு என்று தெரியாமல் அரை நாள் சுற்றுவீர்கள். போகும்போது, பிள்ளை வீட்டில் செய்வதை ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் அவன் அழுதுகொண்டுதான் இருப்பான், டாக்டரால் எதையும் பார்க்க முடியாது.

9. ஆயா, தாத்தா மட்டுமே வளர்க்கும் வீடு

பெற்றோர் இருவரும் இறந்திருந்தாலோ, ஒருவர் இறந்து இன்னொருவரால் கவனிக்க முடியாத நிலை இருந்தாலோ இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டம், மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. இன்னொன்று, குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு, மாதம் 4,000. இதற்கு வருமான வரம்பு உண்டு, நகரத்தில் ஆண்டுக்கு 96,000. இரண்டுக்கும் கேட்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாவிட்டால் 1098-க்கு ஃபோன் செய்யுங்கள்.

வரிசை: முதலில் இறப்புச் சான்றிதழ். அடுத்து குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரும் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துத் திருத்துவது. பிறகு வருமானச் சான்று, குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் வங்கிக் கணக்கு, கடைசியில் மனு. பெயர் ஒத்துப்போகாத மனு சுற்றிச் சுற்றி வரும்.

ஸ்டாம்ப் பேப்பரில் "என் பேரனை நானே வளர்த்துக்கொள்கிறேன்" என்று எழுதி நாலு பேர் கையெழுத்து வாங்கிவைத்திருப்பார்கள். அதனால் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. குழந்தைகள் நலக் குழு வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோதான் அது நடக்கும். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

பெரியவர்களின் உடம்பையும் மறக்கக்கூடாது. பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆயா தன் பிரஷர் மாத்திரையை வாங்கப் போகமாட்டார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். தகுதி இருந்தால் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200. ஆயா சாதாரண மாநகரப் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தாத்தாவுக்கு 60 வயதானால் மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். முதியோர் உதவி எண் 14567.

10. மூன்று வயதுக்குப் பிறகு

பால்வாடியிலேயே தொடரலாம், மாநகராட்சிப் பள்ளியில் எல்கேஜி சேர்க்கலாம், அல்லது தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு, ஜூலை 31 அன்று மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், பள்ளி வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் இணையத்தில் மட்டும். வழக்கமாக ஏப்ரல், மே. 2025-இல் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் சான்றிதழ்களை மார்ச்சிலேயே எடுத்துவைத்துவிட்டு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். குலுக்கலில் வரும் என்று நம்பி வேறு எங்கும் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

11. இல்லை என்று திருப்பி அனுப்பினால்

கவுண்டரில் "வராது" என்றால் சண்டை போடாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தக் காகிதம் குறைகிறது, அதை எழுதித் தர முடியுமா? பாதி நேரம் அப்போதே வேலை நடந்துவிடும்.

பால்வாடி விஷயம் என்றால் டீச்சருக்கு மேல் மேற்பார்வையாளர், அவருக்கு மேல் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள மருத்துவ அலுவலர், அல்லது 104. மாநகராட்சி வேலை என்றால் 1913. எதற்கும் அசையவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மையம் 1100. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ஃபோனை வைக்காதீர்கள்.

நேரில் கொடுக்க வேண்டுமானால் திங்கள்கிழமை காலை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் இருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டையிலிருந்து வருபவர்கள் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மேலே பிக்மி எண்ணோ விண்ணப்ப எண்ணோ, நடுவில் எந்தத் தேதியில் எங்கே போனோம், என்ன சொன்னார்கள் என்பது, கீழே வீட்டில் இருக்கும் அந்த ஃபோன் நம்பர். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.